அலறிய ஓவனும் ஓகே அக்காவும்

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்ததும், வெளியே அனுப்புவதற்கு முன்னால் ஒருமுறை சரிபார்க்க ஆள் தேடியிருந்தால், அந்த வேலைக்கு ஓகே அக்காவை விட்டால் வேறு ஆளே கிடையாது. நல்லவேளையாகக் கடவுள் அக்காவை அப்போது படைக்கவில்லை. படைத்திருந்தால் ஒட்டகம் முதுகு கோணல் என்று ஓரங்கட்டப்பட்டிருக்கும். யானை அளவு மீறிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கும். நீங்களும் நானும் இன்னும் பரிசீலனையில்தான் இருந்திருப்போம்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், கூட்ஸ் வண்டி போனால் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டிய ஒரு தெருவில் எங்கள் லேடீஸ் ஹாஸ்டல் இருந்தது. கீழே ஓனரம்மா, மாடியில் நாங்கள். எல்லாரும் சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். நான் ஓர் இரும்புக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா தேர்வாய் கண்டிகையில், கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்கிற தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பட்டையின் மேல் விரலை ஓட்டியே எங்கே பிசிறு இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவளுடைய சொந்தப் பெயர் பைபிளில் வருகிற நீளமான பெயர் என்று கேள்வி. ஹாஸ்டலில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவளும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டாள். எந்த டிபார்ட்மென்ட்டில் வேலையோ அதுதான் பெயர். நான் "அக்கவுண்ட்ஸ்". பக்கத்து அறைப் பெண் "ஸ்டோர்ஸ்". ஞாயிற்றுக்கிழமை காலையில் "ஏ அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ எழுப்புடி, தண்ணி நின்னுடப் போவுது" என்று அவள் குரல் கேட்டால், ஏதோ தொழிற்சாலைக்குள் படுத்துத் தூங்கியதுபோல் இருக்கும்.

அக்காவின் முதல் வேலை திருவள்ளூர் பக்கம் காக்களூரில், ஒரு சின்ன ஸ்பிரிங் கம்பெனியில். அங்கே சேர்ந்த கொஞ்ச நாளிலேயே முதலாளி கையெடுத்துக் கும்பிட்டாராம். "நீ பெரிய கம்பெனிக்குப் போம்மா. நான் புள்ளகுட்டிக்காரன், நீ கழிச்சிப் போடுற வேகத்துக்கு என்னால செய்ய முடியாது" என்றாராம். இதை அக்கா நற்சான்றிதழ் மாதிரி பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

'ஓகே' என்ற பட்டம் வந்தது ஸ்டிக்கரால். அவள் கம்பெனியில் சரியான பொருளுக்குப் பச்சை வட்டத்தில் 'ஓகே', சந்தேகமானதுக்கு மஞ்சளில் 'ஹோல்டு', உதவாததுக்குச் சிவப்பில் 'ரிஜெக்ட்' ஒட்டுவார்கள். எழுத்து சாய்வாக அச்சாகிவிட்டதால் வேண்டாமென்று கழித்துப் போட்ட ஸ்டிக்கர் சுருள்களை, முறைப்படி கேட் பாஸ் வாங்கிக்கொண்டு அக்கா ஹாஸ்டலுக்குத் தூக்கி வந்துவிட்டாள். அந்த கேட் பாஸை எங்கள் எல்லாரிடமும் காட்டினாள். நாங்கள் யாரும் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஹாஸ்டலில் எந்தப் பொருளும் நிம்மதியாக இருந்ததில்லை. எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் நிற்பதுபோல எங்கள் பக்கெட், செருப்பு, குடை எல்லாம் வரிசையில் நின்று பச்சை வாங்கின. ஒருநாள் காலை நாஷ்டாவுக்குக் கீழே போனோம். இட்லித் தட்டில் ஒரு இட்லியின் பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஓனரம்மா ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர். அவருக்குக் கோபம் வந்தால் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடியும்.

"இன்னாமே இது? இட்லிக்கு பொட்டு வெச்சிக்கினு கீற?"

"பொட்டு இல்லம்மா, ரிஜெக்ட்டு. நடுவுல வேவல."

"வேவலன்னா துன்னாத, உடு. அதுக்கு இன்னாத்துக்கு ஸ்டிக்கரு?"

"எனக்குத் தெரிஞ்சிடுச்சி, நான் துன்னல. எனக்குப் பின்னாடி வர்ற பொண்ணுக்கு யாரு சொல்றது?"

ஓனரம்மா "அம்மோ!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாளிலிருந்து இட்லி பஞ்சாக வந்தது. அதை வெளியே சொல்ல ஓனரம்மாவுக்கும் மனசில்லை, எங்களுக்கும் தைரியமில்லை.

அக்கா எப்போதும் சரியாகத்தான் சொல்வாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை ஓனரம்மாவின் டிவியில் நிறம் மங்கலாகத் தெரிகிறது என்று மஞ்சளை ஒட்டிவிட்டாள். வீடே அமர்க்களம். கேபிள்காரர் வந்து தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். கடைசியில் பார்த்தால், மங்கல் அக்காவின் மூக்குக்கண்ணாடியில். அதைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் டிவியை முறைத்தாள். பிறகு ஸ்டிக்கரை அங்கிருந்து உரித்துத் தன் கண்ணாடி உறையில் ஒட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் கறார். மனிதர்கள் மேல் ஒட்டவே மாட்டாள். ஸ்டோர்ஸைப் பெண் பார்க்க ஒரு மாப்பிள்ளை பைக்கில் வந்து இறங்கினார். அக்கா அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக பைக்கிடம் போய் உட்கார்ந்து, பிரேக்கை அமுக்கிப் பார்த்துவிட்டு மஞ்சளை ஒட்டினாள். "பிரேக் ஷூ தேஞ்சி கீது நைனா. மாத்திக்கினு வாங்க, அப்பால பேசலாம்" என்றாள். அந்தப் பிள்ளை மறுவாரம் மாற்றிக்கொண்டு வந்து பச்சை வாங்கிக்கொண்டுதான் பெண்ணையே பார்த்தார். நான் அக்காவைச் சீண்டினேன்.

"ஏன்க்கா, மாப்பிள்ளை சட்டையில ஒண்ணு ஒட்டியிருக்கலாமே?"

"போடி. பொருளுக்குத்தான் ஸ்டிக்கரு. ஆளுக்கு ஒட்டுனா அப்பால உரிக்க வராது."

இப்போது ஓவனுக்கு வருகிறேன்.

ஓனரம்மாவின் மகள் புது மைக்ரோவேவ் ஓவன் வாங்கியதும் பழையதை அம்மாவிடம் தள்ளிவிட்டாள். மாடியில் அடுப்பு வைக்கக் கூடாது என்பதால், ஓனரம்மா அதை எங்கள் மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு மேஜை போட்டு வைத்தார். பூவேலை செய்த துணி போர்த்தி, கதவில் சந்தனம் குங்குமம் வைத்து, அது ஓவனா உற்சவமூர்த்தியா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு அலங்காரம். ஷிப்ட் முடிந்து கண்ட நேரத்தில் திரும்புகிற பெண்களுக்கு அதுவரை ஆறிப்போன சோறுதான் கதி. அந்தப் பெட்டி வந்தபிறகுதான் ஆவி பறக்கிற சாப்பாட்டைக் கண்ணால் பார்த்தோம்.

சும்மா கிடைக்குமா? ஓனரம்மா சட்டம் போட்டார். எவர்சில்வர் கூடாது. முட்டை கூடாது. மீன் வகையறா கூடவே கூடாது. "நீங்க மட்டும் சாப்பிடுறீங்களே?" என்று ஸ்டோர்ஸ் கேட்டதற்கு, "நான் துன்னலாம், குங்குமம் வெச்ச பொட்டி துன்னக் கூடாது" என்று பதில் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம்: ஓவனைக் கெடுப்பவள் எவளோ, அவள் அன்றே பெட்டியைக் கட்ட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் செல்வி வந்து சேர்ந்தாள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். அப்பா ஏரியில் மீன்பிடிக்கிறவர். ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்திருந்தது. பயிற்சிக்காலம் முடிந்தால் வேலை நிரந்தரம். ஆனால் அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனையோடுதான் அனுப்பியிருந்தார். "ஹாஸ்டல்ல ஒரு பிரச்னைன்னு காதுல உழுந்துச்சின்னா, அன்னிக்கே ஊட்டுக்கு வந்துடணும். அப்பால வேலைன்னு வாயத் தொறக்கக் கூடாது." செல்வி இதை எங்களிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு நல்ல டார்ச் லைட் வாங்க வேண்டும் என்பது அவள் திட்டம்.

ஒரு திங்கட்கிழமை காலை. அக்கா சீக்கிரமே வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். மாடிப்படிப் பக்கமிருந்து, பூனையின் வாலை யாரோ மிதித்துக்கொண்டே கதவைத் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். "கிர்ர்ர்ர்... டொக். கிர்ர்ர்ர்... டொக்." ஓடிப்போய்ப் பார்த்தால், செல்வி கையைப் பிசைந்துகொண்டு ஓவன் முன்னால் நிற்கிறாள். உள்ளே கிண்ணம் சுற்றுகிறது. தெருவே மணக்கிறது. அவள் அம்மா பஸ்ஸில் கொடுத்தனுப்பிய நண்டுக் குழம்பு.

ஓனரம்மா மூச்சிரைக்க மேலே வந்தார். சத்தத்தைக் கேட்டார், வாசனையைப் பிடித்தார், தீர்ப்பை அங்கேயே எழுதிவிட்டார்.

"மீனா?"

"நண்டும்மா."

"நண்டு மீனு இல்லியா? எவர்சில்வர்ல வெச்சியா?"

"இல்லம்மா, கண்ணாடிக் கிண்ணம்தான். மீனு கூடாதுன்னுதான் சொன்னாங்க, அதான் நண்டு பரவால்லன்னு..." என்று இழுத்தாள் செல்வி.

பஜாரில் மிக்ஸி பழுதுபார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்தார் ஓனரம்மா. அவர் ஓவன் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, ஆழமாக மூச்சை இழுத்தார். "நண்டு ஆவி மோட்டாருக்குள்ள பூந்துடுச்சிம்மா. இது இனிமே தேறாது. பேஜாரு" என்றார். ஸ்விட்சைத் தொடக்கூட இல்லை. டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான், செல்வி அன்று ராத்திரிக்குள் காலி செய்ய வேண்டும் என்று முடிவானது. அவள் அன்று வேலைக்குப் போகும்போது முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அப்பாவிடம் என்ன சொல்வது என்று அவளுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய அக்காவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஓட உட்டு கேட்டாரா அந்த ஆளு?"

"இல்லக்கா. மோந்து பாத்தாரு."

"மோந்து பாக்குறதுக்கு அது இன்னா மல்லிப்பூவா?"

நேரே கீழே போனாள். "தீர்ப்ப நிறுத்தி வைங்கம்மா. விசாரணை முடியாம எந்த ஆளையும் வெளிய அனுப்பக் கூடாது" என்றாள். ஓனரம்மா ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சம்மதித்தார். அக்கா ஓவனின் ப்ளக்கைப் பிடுங்கி, அதன்மேல் மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டினாள். "யாரும் ஸ்க்ரூ டிரைவரு எடுத்துக்கினு இதுங்கிட்ட போவக் கூடாது. ப்ளக்கப் புடுங்கினாலும் உள்ள கரண்டு தங்கிக்கினு இருக்கும், ஆள அடிச்சிப் போட்டுடும்" என்று எச்சரித்தாள். அதுவரை ஓவனை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் அதைச் சுற்றி வளைத்து நடக்க ஆரம்பித்தோம்.

அந்த வாரம் முழுக்கச் சாட்சி விசாரணை. ரப்பர் பட்டையில் புகார் வந்தால், வாடிக்கையாளர் காதில் விழுந்த சத்தத்தை அவர் வாயாலேயே செய்துகாட்டச் சொல்வது அக்காவின் தொழில்முறையாம். அதன்படி ஒவ்வொருத்தியாக நிற்க வைத்து, "சத்தம் போட்டுக் காட்டு" என்றாள். நான் "கிர்ர்ர்... டொக்" என்றேன். ஸ்டோர்ஸ் "க்ரீச்... தட்" என்றாள். செல்வி அழுதுகொண்டே "ங்ங்ங்... டக்" என்றாள். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்று அக்கா ஓனரம்மாவையே கூப்பிட்டாள். "எனக்கு இன்னா தலையெழுத்தா?" என்று முனகிவிட்டு, அவர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து ஒரு "கிர்ர்ர்ர்ர்ர்... டொக்!" போட்டார் பாருங்கள், எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று குரைத்தது. அசல் ஓவன்கூட அவ்வளவு தத்ரூபமாகக் கத்தியதில்லை. ஓனரம்மாவுக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"கிர்ரு நீளம், டொக்கு ஒண்ணே ஒண்ணு. அப்பால மறுபடியும் அதே மாதிரி" என்று அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டாள். "சுத்துற சாமானுதான் கத்துது."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்ததும் அக்கா ஓவன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஹாஸ்டலே படிக்கட்டில் கூடியிருந்தது. செல்வியின் பை கட்டித் தயாராக அவள் காலடியில் இருந்தது. முடிவு தெரிந்ததும் பழவேற்காடு பஸ் ஏற வேண்டியவள் அவள்தான். ஓனரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஓவன காலியா ஓட்டக் கூடாது" என்று சொல்லி, அக்கா ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றிச் சுற்றுகிற தட்டின்மேல் வைத்து ஓட்டினாள். "கிர்ர்ர்... டொக்." எல்லாரும் ஓனரம்மாவைப் பார்த்தோம். அவர், "நான் இல்லமே, அதுதான்" என்றார்.

நிறுத்தினாள். கண்ணாடித் தட்டையும், அதன் அடியில் குட்டிச் சக்கரங்கள் வைத்த பிளாஸ்டிக் வளையத்தையும் வெளியே எடுத்துவிட்டு, அதே டம்ளரை ஓவன் தரையில் ஓரமாக வைத்து மறுபடி கொஞ்ச நேரம் ஓட்டினாள். மெல்லிய ரீங்காரம் மட்டும்தான் கேட்டது. தண்ணீர் சுட்டது.

"கேட்டுக்கினீங்களா? மோட்டாரு நல்லா கீது. ஃபேனும் நல்லா கீது. நண்டு ஆவி எங்கயும் பூரல."

படிக்கட்டில் பெருமூச்சு கிளம்பியது. செல்வி நிமிர்ந்து பார்த்தாள். ஓனரம்மா விடவில்லை. "அப்ப சத்தம் எங்கிருந்து வருது? தட்டுல கொழம்பு சிந்தி ஒட்டிக்கினு இருக்கும்" என்றார்.

அக்கா வளையத்தை மேஜையில் வைத்து, அதன்மேல் தட்டை வைத்து, உள்ளங்கையால் சுற்றினாள். கிர்ர்ர். டொக். தலையை ஆட்டிக்கொண்டே தட்டைத் தூக்கி, அடிப்பக்கம் விரலை ஓட்டினாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. தட்டைத் திருப்பினாள். சட்டென்று தன் பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள்.

நான் பக்கத்தில் நின்றதால் எனக்குத் தெரிந்தது. தட்டின் அடியில், சக்கரம் ஓடுகிற தடத்திலேயே, சூட்டில் சுருண்டு பாதி உரிந்த ஒரு பச்சை வட்டம். எழுத்து சாய்வாக, 'ஓகே'.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அக்கா ஓவனைக் கழட்டிக் கழுவி, பளபளவென்று ஆக்கியிருந்தாள். முன்பு ஒருமுறை கதவில் பச்சை ஒட்டப்போய், குங்குமத்தை மறைக்கிறது என்று ஓனரம்மா சுரண்டி எறிந்திருந்தார். தட்டின் மேல்பக்கம் ஒட்டலாம் என்றால், சாப்பாடு படுகிற பக்கம் ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்று அக்காவுக்கே ஒரு விதி. சுத்தமாகச் சரிபார்த்த பொருளுக்குப் பச்சை ஒட்டாமல் விடவும் கை வரவில்லை. யார் கண்ணிலும் படாத அடிப்பக்கம் பார்த்து ஒட்டிவிட்டாள். அன்று இரவு மெஸ்ஸில் பிரியாணி, யாரும் ஓவனைத் தொடவில்லை. மறுநாள் காலை முதல் ஆளாகக் கிண்ணத்தை வைத்தவள் செல்வி. சூட்டில் பசை இளகி ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது, அதுதான் கிர்ர்ர். மற்றொரு சக்கரம் சுருண்ட ஸ்டிக்கரின்மேல் ஏறி இறங்கியது, அதுதான் டொக்.

அக்காவின் கட்டைவிரல் அந்தப் பச்சை வட்டத்தின்மேல் இருந்தது. வேறு யாரும் பார்த்திருக்கவில்லை. ஓவனைக் கெடுப்பவள் பெட்டியைக் கட்ட வேண்டும் என்ற சட்டம் இன்னும் உயிரோடுதான் இருந்தது. அவள் காதருகே குனிந்து, "அழுக்குன்னு சொல்லித் தொடச்சிடுங்கக்கா" என்று கிசுகிசுத்தேன்.

"அழுக்குன்னு சொன்னா, யாரு கொழம்புன்னு கேப்பாங்கடி" என்றாள் அக்கா, அதே கிசுகிசுப்பில். அவள் கண் செல்வியின் பைமேல் இருந்தது.

பிறகு ஸ்டூலிலிருந்து எழுந்து, தட்டை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள்.

"காரணம் கெடச்சிடுச்சி. ஸ்டிக்கரு. ஒட்டுனது நானு. இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல."

அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி தடதடவென்று வந்து, போய் முடிந்தது. வண்டி போனதும் ஸ்டோர்ஸ்தான் முதலில் களுக்கென்று சிரித்தாள். அடுத்து நான். பிறகு படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. ஊர்ப் பொருளையெல்லாம் தரம் பார்த்தவளின் 'ஓகே'தான் ஊரைக் கூட்டியிருக்கிறது! ஓனரம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிக்காத ஒரே ஆள் அக்கா. அவள் சக்கரத்தில் இருந்த பசையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, தட்டைச் சோப்பு போட்டுக் கழுவி, பழையபடி மாட்டி, டம்ளர் தண்ணீரோடு ஓட்டிக் காட்டினாள். ஓவன் குழந்தை தூங்குகிற மாதிரி அமைதியாகச் சுற்றியது. அப்புறம் தன் அறைக்குள் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ட்ரங்குப் பெட்டியை இழுத்தாள்.

நாங்கள் விளையாட்டு என்று நினைத்தோம். புடவைகளை எடுத்து மடித்து வைக்க ஆரம்பித்த பிறகுதான் பயம் வந்தது. ஓனரம்மா வாசற்படியில் ஓடிவந்து நின்றார்.

"இன்னாமே பண்ற?"

"கெடுத்தவ பொட்டியக் கட்டணும்னு நீங்கதான சொன்னீங்க."

"நல்லா கீதே தாயி இப்போ! அந்த ரூலு போட்டவ நானு. இப்ப எடுத்துட்டேன், போ!"

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் ரூலு இருந்துச்சி, எனக்கு இல்லியா?" அக்கா குரலை உயர்த்தவில்லை. இன்னொரு புடவையை மடித்தாள். "ஒரு வாரமா அது சோறே துன்னல. ராவெல்லாம் பொரண்டுக்கினு இருந்துச்சி. அப்பாவுக்கு இன்னா சொல்றதுன்னு அழுதுக்கினு இருந்துச்சி."

"சரிமே, நான் அவசரப்பட்டுட்டேன். போதுமா?"

"அத்த எங்கிட்ட சொல்லாதீங்க. அவகிட்ட சொல்லுங்க."

ஓனரம்மா பெற்ற மகளிடமும் கட்டிய கணவரிடமும்கூட ஒருநாளும் தணிந்து போகாதவர். வாடகை கேட்க வந்தால் தெருவே நிமிர்ந்து உட்காரும். அவர் வாசலில் நின்ற செல்வியின் பக்கம் திரும்பினார். கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகினார். பிறகு அவள் கையிலிருந்த பையைத் தானே வாங்கிக்கொண்டார்.

"நான் சொன்னது தப்புதான் கண்ணு. மனசுல வெச்சிக்காத. நீ எங்கயும் போவ வேணாம்."

செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அந்த வாரத்தில் அவள் அழுத அழுகையிலேயே அதுதான் நல்ல அழுகை. என் நெஞ்சிலிருந்தும் ஒரு மூட்டை இறங்கியது. அக்கா ட்ரங்குப் பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "அழுதது போதும்டி பேக்கிங், பசிக்குது" என்றாள்.

அன்றைக்கு மதியம் செல்வியின் அம்மா அனுப்பியிருந்த புதுக் குழம்பு ஓவனுக்குள் போனது. ஓனரம்மாவே கிண்ணத்தை வைத்து, பட்டனை அமுக்கி, கையைக் கட்டிக்கொண்டு காவல் நின்றார். "நண்டு மீனுல சேராது" என்று புதுத் தீர்ப்பும் வழங்கினார். நண்டின் முதல் கால் யாருக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை, தீர்ப்பு சொன்னவருக்குத்தான். செல்வியின் அப்பாவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. பயிற்சி முடிந்து அவள் வேலை நிரந்தரமானது. டார்ச் லைட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

நான் கல்யாணமாகி அந்த ஹாஸ்டலை விட்டு வந்து சில வருடங்கள் ஆகின்றன. எங்கள் வீட்டிலும் ஓர் ஓவன் இருக்கிறது. பத்து நாளாக லேசாக முனகுகிறது. தட்டைக் கழட்டிச் சக்கரத்தைத் துடைத்தால் சரியாகிவிடும் என்று எனக்கே தெரியும். என் கணவர் கையில் துணியோடு இரண்டு முறை கிட்டே போனார், நான் தடுத்துவிட்டேன். அது அப்படியே முனகட்டும். அதைப் பார்க்கத்தான் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அக்கா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.